பாரசீகப் பெயர்கள்: எங்கிருந்து வந்தன, என்ன பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரானியர் வைத்துக்கொள்ளும் பெயரெல்லாம் பாரசீகப் பெயர்தானே?

இல்லை. ஈரானில் அதிகம் காதில் விழும் பெயர்கள் முகமது, அலி, ஹுசைன், ஃபாத்திமே, ஸஹ்ரா போன்றவை. இவை எல்லாம் அரபு. இஸ்லாத்தோடு, குறிப்பாக ஷியா மரபோடு வந்தவை. முகமது-ரெசா, அமீர்-ஹுசைன் என்று இரண்டை ஒட்டி வைப்பதும் அங்கே சகஜம்.

திரைப்பட விழாக்களுக்குப் போகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஈரானிய இயக்குநர்களை நினைத்துப் பாருங்கள். அப்பாஸ் கியாரோஸ்தமி, அஸ்கர் ஃபர்ஹாதி, ஜாஃபர் பனாஹி, மஜித் மஜிதி, மொஹ்சென் மக்மல்பாஃப். ஐந்து பேருக்கும் முதற்பெயர் அரபு. பாரசீகம் குடும்பப் பெயரில் போய் ஒளிந்திருக்கிறது. கியாரோஸ்தமிக்குள் காவிய வீரன் ருஸ்தம் இருக்கிறார், ஃபர்ஹாதிக்குள் பழங்கதைக் காதலன் ஃபர்ஹாத் இருக்கிறார். பெண்களில் பாருங்கள்: 2003-இல் அமைதிக்கான நோபல் பெற்ற ஷிரின் எபாதியின் முதற்பெயர் சுத்தப் பாரசீகம், 'இனிமை' என்று பொருள். 2023-இல் அதே பரிசைப் பெற்ற நர்கெஸ் முகமதியின் பெயர் ஒரு பூ. 2014-இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய மர்யம் மிர்ஸாகானியின் பெயர் குர்ஆன் வழி வந்தது.

இந்தப் பக்கத்தில் 'பாரசீகப் பெயர்' என்று சொல்வது ஈரானிய மொழிகளிலேயே வேர் உள்ள பெயர்களை. அவற்றிலும் வெவ்வேறு காலத்து அடுக்குகள் உண்டு. ஒரு பெயரின் பொருளைக் கேட்பதற்கு முன்னால் அது எந்தக் காலத்துப் பெயர் என்று பார்த்துவிடுவது நல்லது.

இதில் மிகப் பழைய அடுக்கு எது?

கல்வெட்டுகளில் கிடைப்பது பழைய பாரசீகத்தை ஆண்ட அக்கீமினியப் பேரரசர்களின் பெயர்கள். மேற்கு ஈரானில் கெர்மான்ஷா நகருக்குப் பக்கத்தில் பெஹிஸ்துன் என்ற பாறை மலை இருக்கிறது. கி.மு. 522-இல் ஆட்சிக்கு வந்த முதலாம் தாரியஸ், தன் வெற்றிகளைப் பழம்பாரசீகம், ஈலமைட், பாபிலோனிய மொழி ஆகிய மூன்றிலும் அந்தப் பாறையில் வெட்டிவைத்தான். 'நான் தாரயவௌஷ், பெரிய அரசன்' என்றுதான் அது தொடங்குகிறது. தாரய என்றால் தாங்குகிறவன், வஹு என்றால் நல்லது. நன்மையை உறுதியாகப் பிடித்து நிற்பவன் என்று பொருள். இன்றைய ஈரானில் அதே பெயர் தாரியுஷ். சுருங்கிய வடிவம் தாரா.

அவன் மகன் பெயர் க்ஷயார்ஷா, வீரர்களை ஆள்பவன். கிரேக்கர்கள் அதை 'க்செர்க்செஸ்' ஆக்கினார்கள். பேரன் அர்தக்ஷச. 'அர்த' என்பது உண்மை அல்லது ஒழுங்கு, 'க்ஷச' என்பது ஆட்சி. உண்மையின் வழியே ஆள்பவன். இது தேய்ந்து அர்தஷீர் ஆனது. ஈரானிலிருந்து இந்தியா வந்து குடியேறிய பார்சிகளிடம் இன்றும் புழக்கத்தில் உள்ள பெயர்.

இவர்களில் பலரைத் தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு முன்பே தெரியும், வேறு உருவத்தில். கோரேசு என்பது அக்கீமினியப் பேரரசை நிறுவிய சைரஸ். தரியு என்பது தாரியஸ். எஸ்தர் புத்தகத்தின் அகாஸ்வேரு ராஜா மேலே சொன்ன க்ஷயார்ஷாதான் என்பது பொதுவான கருத்து. அர்தசஷ்டா என்பது அர்தக்ஷச. எபிரேயத்தின் வழியாக வந்ததால் தமிழ் வடிவங்கள் கிரேக்க வடிவத்தைவிடச் சில இடங்களில் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கின்றன. 'அர்தசஷ்டா'வையும் 'ஆர்ட்டாக்செர்க்செஸ்' என்ற ஆங்கில வழி உச்சரிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சைரஸ் என்றால் சூரியன் என்கிறார்களே?

பழைய கிரேக்க எழுத்தாளர்கள் அப்படி எழுதிவைத்தார்கள். பாரசீகத்தில் சூரியனைக் குறிக்கும் 'கோர்' என்ற சொல்லோடு ஒலி பொருந்துவதால் அந்த விளக்கம் ஒட்டிக்கொண்டது. பழம்பாரசீகத்தில் அவன் பெயர் 'கூருஷ்'. சூரியனுக்கு அன்றிருந்த சொல்லோடு அது சேரவில்லை. மொழியியலாளர்கள் இதை ஏற்பதில்லை, தங்களுக்குள் ஒருமித்த கருத்தும் அவர்களிடம் இல்லை. ஈரானில் இன்று கூரோஷ் என்று மகனுக்குப் பெயர் வைப்பவர்கள் அகராதிப் பொருளைப் பார்த்து வைப்பதில்லை, அந்த அரசனை நினைத்துத்தான் வைக்கிறார்கள்.

சமஸ்கிருதப் பெயர்களோடு இவ்வளவு ஒத்துப்போகிறதே, எப்படி?

இஸ்லாத்துக்கு முந்தைய ஈரானின் ஸரதுஷ்ட்ர மதத்துப் புனித நூலான அவெஸ்தாவின் மொழியும் வேதகால சமஸ்கிருதமும் ஒரே தாயிலிருந்து பிரிந்த அக்காள் தங்கைகள். சமஸ்கிருதத்தில் 'ஸ' வரும் பல இடங்களில் ஈரானிய மொழிகளில் 'ஹ' வரும். அசுரன் அங்கே அஹுரன். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிப் பெயர்கள் திறந்துவிடும்.

சில பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஜம்ஷித் என்பது அவெஸ்தாவில் 'யிம க்ஷயேத', ஒளிவீசும் யிமன். அந்த யிமன் வேறு யாருமில்லை, நம்முடைய யமன். இங்கே விவஸ்வானின் மகன் யமன், அங்கே விவங்ஹ்வந்தின் மகன் யிமன். இந்திய மரபில் முதலில் இறந்தவன், இறந்தோர் உலகின் அரசன். ஈரானிய மரபில் பசியும் சாவும் இல்லாத பொற்காலத்தை ஆண்டவன். இங்கே யாரும் பிள்ளைக்கு யமன் என்று பெயர் வைக்க மாட்டோம். அங்கே ஜம்ஷித் கம்பீரமான பெயர், அக்கீமினியத் தலைநகரான பெர்செபோலிஸின் இடிபாடுகளுக்கே 'தக்தே ஜம்ஷித்' (ஜம்ஷிதின் அரியணை) என்றுதான் பெயர்.

பஹ்ராம் என்பது 'வெரெத்ரக்ன' என்ற வெற்றித் தெய்வத்தின் தேய்ந்த வடிவம். இந்திரனுக்கு வேதத்தில் உள்ள 'விருத்திரஹன்' என்ற அடைமொழியும் இதுவும் ஒன்றே. மனுச்செஹ்ர் என்றால் மனுவின் வித்தில் வந்தவன், மனுஸ்மிருதி மனுவின் பெயர்தான். ஷாபூர் என்றால் ஷாவின் பூர், அரசனின் புத்திரன். ரோமப் பேரரசன் வலேரியனை கி.பி. 260-இல் சிறைபிடித்தவன் இந்தப் பெயர் கொண்ட முதல் மன்னன். 'தொக்த்' என்று முடியும் பெண் பெயர்களில் இருப்பது சமஸ்கிருத 'துஹிதா', மகள். இஸ்லாத்துக்கு முந்தைய கடைசிப் பாரசீகப் பேரரசான சாசானிய அரியணையில் ஏறிய பூரான்தொக்த், ஆஸர்மிதொக்த் ஆகிய இரு அரசிகளின் பெயர்களில் அது உண்டு.

குஸ்ரோ என்பது அவெஸ்தாவில் 'ஹவோஸ்ரவஹ்', நற்புகழ் உடையவன். 'ஸ' இடத்தில் 'ஹ' என்ற விதியைப் போட்டால் சமஸ்கிருத 'ஸுஸ்ரவஸ்' கிடைக்கும். கவிஞர் அமீர் குஸ்ரோவின் பெயரும் இதுவே. அரபுக்காரர்கள் இதைக் 'கிஸ்ரா' என்று சொல்லி, பாரசீக அரசர் எல்லோருக்கும் பொதுப் பட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

மெஹர்தாத் எனக்குப் பிடித்தது. மித்ரனால் தரப்பட்டவன். தேவதத்தன் என்கிறோமே, அதே கட்டுமானம், தெய்வம் மட்டும் மித்ரன். கிரேக்கர் சொன்ன 'மித்ரிடாட்டிஸ்' இதுதான். பைபிளில் எஸ்றா புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் கோரேசின் பொக்கிஷக்காரனாக வரும் மித்திரேதாத்தும் இதுவேதான். ஈரான் முஸ்லிம் நாடான பிறகும் இந்தக் கட்டுமானம் சாகவில்லை. மித்ரனுக்குப் பதில் கடவுளைக் குறிக்கும் 'கொதா'வைப் போட்டு கொதாதாத் என்று வைத்தார்கள். அல்லாஹ்தாத் என்றும் உண்டு.

குதிரைப் பெயர்கள் என்று ஒரு வகை இருக்கிறதாமே?

ஆமாம். 'அஸ்ப' என்றால் குதிரை, நம் அசுவம். தஹ்மாஸ்ப் (வலிய குதிரைகள் உடையவன்), கொஷ்தாஸ்ப், லொஹ்ராஸ்ப், ஜாமாஸ்ப், கர்ஷாஸ்ப் என்று 'ஆஸ்ப்' முடிவு தெரிந்தாலே பழைய வீரகுலத்துப் பெயர் என்று சொல்லிவிடலாம். தாரியஸின் அப்பா பெயரும் விஷ்தாஸ்பதான். சியாவஷ் என்ற பெயரிலும் குதிரை மறைந்திருக்கிறது: கரிய பொலிகுதிரைகள் உடையவன். ஷாநாமா காவியத்தில் அவன் ஏறும் குதிரையும் கறுப்பு, அதன் பெயர் ஷப்ரங்க், இரவின் நிறம். பெயரின் பழம்பொருளை மக்கள் மறந்த பிறகும் கதை அதை மறக்கவில்லை.

இறைத்தூதர் ஸரதுஷ்ட்ரரின் பெயர் 'உஷ்ட்ர' என்று முடிகிறது. அது ஒட்டகம். மதத்தை நிறுவியவரின் பெயரில் ஒட்டகமா என்று முகம் சுளிக்க வேண்டாம். கால்நடைதான் செல்வமாக இருந்த சமூகம் அது.

ஷாநாமாவுக்கும் பெயர்களுக்கும் என்ன தொடர்பு?

ஃபிர்தௌசி 1010-இல் முடித்த காவியம் அது. ஏறத்தாழ 50,000 ஈரடிகள். அரபுப் படையெடுப்பில் 651-இல் சாசானியப் பேரரசு முடிந்துபோனது. அதற்கு முந்தைய பெயர்கள் பலவும் வழக்கொழிந்து போயிருக்க வேண்டியவை. சாமானியர் வாயில் அவை தங்கியதற்கு இந்தக் காவியம் பெரிய காரணம். காப்பிக் கடையில் ஒருவர் உட்கார்ந்து கதை சொல்ல, கேட்டு வளர்ந்த ஜனங்கள் அவர்கள். ருஸ்தமும் சொஹ்ராபும் தஹ்மினேயும் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி.

கதையோடு சேர்த்தே பெயரைப் பார்க்க வேண்டும். சாம் என்ற வீரனுக்கு ஒரு மகன் பிறக்கிறான், தலைமுடி முழுக்க வெள்ளை. அப்பா பயந்துபோய் அல்போர்ஸ் மலையில் விட்டுவிட்டு வருகிறார். சீமோர்க் என்ற மாயப் பறவை எடுத்து வளர்க்கிறது. அந்தப் பையன்தான் ஸால், நரைத்தவன் என்ற பொருள் உள்ள பெயர். ஸால் வளர்ந்து ரூதாபேயை மணக்கிறான். அவளுக்குப் பிரசவம் ஆகவில்லை, குழந்தை அவ்வளவு பெரிது. சீமோர்க் வந்து யோசனை சொல்ல, மது கொடுத்து மயங்க வைத்து, விலாவைக் கீறிக் குழந்தையை எடுக்கிறார்கள். கண் விழித்த ரூதாபே 'ப-ரஸ்தம்' என்கிறாளாம், 'தப்பித்தேன்' என்று. அதனால் குழந்தைக்கு ருஸ்தம்.

அழகான கதை. மொழியியல்படி சரியல்ல. பெயரின் பழைய வடிவம் 'ரோத்ஸ்தஹ்ம்'. பின்பகுதி 'தஹ்ம்' என்றால் வலிமை; தஹ்மினே, தஹ்மாஸ்ப் பெயர்களில் இருப்பதும் அதுவே. முன்பகுதியை 'ஆறு' என்றும் 'வளர்த்தி, உடல்' என்றும் இருவிதமாக விளக்குகிறார்கள். ஆனால் ஒரு ஈரானியப் பாட்டியிடம் கேட்டால் ரூதாபே கதையைத்தான் சொல்வார். பெயருக்கு வேரும் உண்டு, மக்கள் சொல்லும் கதையும் உண்டு, இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொண்டால் போதும்.

காவியத்தில் கெட்டவர்களின் பெயரை வைப்பார்களா?

நமக்கு ராவணன், சூர்ப்பனகை போல அங்கே ஸஹ்ஹாக். இரு தோளிலும் பாம்பு முளைத்து, தினமும் இளைஞர்களின் மூளையை அவற்றுக்கு ஊட்டிய கொடுங்கோலன். அந்தப் பெயரை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. ஆனால் சூதாபே? கணவனின் இன்னொரு தாரத்து மகன் சியாவஷ் மேல் ஆசைப்பட்டு, அவன் மறுத்ததும் பழிபோட்டு, அவனைத் தீக்குள் இறங்கித் தன் தூய்மையை நிரூபிக்க வைத்தவள். இருந்தும் சூதாபே ஈரானில் சாதாரணமான பெண் பெயர். ஒலி அழகாக இருந்தால் கதையை மன்னித்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

பாரசீகத்தை அழித்த அலெக்சாந்தரின் பெயரை எப்படி வைக்கிறார்கள்?

நல்ல கேள்வி. கி.மு. 330-இல் பெர்செபோலிஸ் அவன் கையில் எரிந்தது. ஸரதுஷ்ட்ர மதத்தின் பழைய நூல்கள் அவனைச் சபிக்கப்பட்டவன் என்றே குறிக்கின்றன. ஆனால் ஷாநாமா கதையை மாற்றிவிட்டது. அதில் எஸ்கந்தர் கிரேக்க இளவரசிக்கும் பாரசீக அரசனுக்கும் பிறந்தவன், அதாவது தான் தோற்கடித்த தாராவுக்கு மாற்றாந்தாய் வயிற்று அண்ணன். எதிரியைச் சொந்தக்காரனாக்கிவிட்டால் தோல்வி கொஞ்சம் வலி குறையும் அல்லவா. அப்புறம் இஸ்லாமிய இலக்கியம் அவனை ஞானத்தைத் தேடி அலைந்த மன்னனாக்கியது. அந்த வழியில்தான் சிக்கந்தர் என்ற பெயர் நம் ஊர் வரை வந்தது. முதலில் இருந்த 'அல்' அரபுச் சுட்டுச்சொல் என்று எடுத்துக்கொள்ளப்பட்டுக் கழன்றுபோனதால்தான் அலெக்சாந்தர் 'எஸ்கந்தர்' ஆனார்.

பெண் பெயர்களில் நட்சத்திரமும் பூவும் அதிகம் தெரிகிறதே?

வானத்தில் ஆண்களும் உண்டு. ஈரானியர் கிரகங்களைத் தங்கள் தெய்வப் பெயரால் அழைத்தார்கள். பஹ்ராம் செவ்வாய், தீர் புதன், ஹொர்மொஸ் வியாழன். ஹொர்மொஸ் என்பது ஸரதுஷ்ட்ர மதத்தின் முழுமுதற் கடவுளான அஹுர மஸ்தாவின் தேய்ந்த வடிவம். சனிக்கு கேவான், அது பாபிலோனியர்களிடமிருந்து வாங்கியது. கேவான் ஆண்களுக்கு நல்ல பெயராகவே இருக்கிறது. அங்கே சனிக்கு நம் ஊர் பயம் கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம், ஜோதிடத்தில் அவர்களுக்கும் அது அபசகுனக் கிரகம்தான். உயரத்தில் இருப்பது என்ற பெருமை பெயரில் வென்றுவிட்டது.

பெண்களுக்கு நாஹித், அதாவது வெள்ளி. மூலம் 'அனாஹிதா', மாசற்றவள், நீரின் தெய்வம். பர்வீன் என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். தமிழ்நாட்டில் பர்வீன் என்ற பெயருள்ளவர்கள் எத்தனையோ பேர். தங்கள் பெயர் அறுமீன் என்பது பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சேதாரே நட்சத்திரம், மஹ்தாப் நிலவொளி, கொர்ஷித் சூரியன். எஸ்தர் என்ற விவிலியப் பெயரைப் பாரசீக நட்சத்திரச் சொல்லோடு சிலர் இணைக்கிறார்கள், பாபிலோனியத் தெய்வம் இஷ்டாரோடு வேறு சிலர். பாரசீக அரசனின் சூசா அரண்மனையில் நடக்கும் கதை என்பதால் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

பூக்களில் நஸ்ரின் காட்டு ரோஜா, லாலே துலிப், பனஃப்ஷே ஊதாப்பூ, கோல்நார் மாதுளம்பூ. யாசமன் மல்லிகை இனம், ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு ஜாஸ்மின் என்று நம்மிடம் வந்துசேர்ந்தது. நிலூஃபர் என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ தூரதேசத்துப் பெயர் என்று தோன்றும். அது அல்லி, ஆம்பல் வகை. சொல் இங்கிருந்து போனது: சமஸ்கிருத நீலோற்பலம், இடைக்காலப் பாரசீகத்தில் 'நீலோபல்', பிறகு நிலூஃபர். நம் இலக்கியத்தில் குளமெல்லாம் பூத்துக் கிடக்கும் நீலோற்பலம், ஈரானில் பெண் குழந்தைகளின் பெயர்.

பரி என்ற சொல்லின் கதை தலைகீழ். பரீசா, பரீநாஸ், பரீசேஹ்ர் என்று தேவதைப் பொருளில் எத்தனையோ பெயர்கள். அவெஸ்தாவில் 'பைரிகா' என்றால் ஆண்களை மயக்கிக் கெடுக்கும் சூனியக்காரி. நூற்றாண்டுகள் போகப் போகக் கெடுதல் உதிர்ந்து அழகு மட்டும் மிஞ்சியது.

பெயரின் பாகங்களைப் பார்த்துப் பொருள் சொல்ல முடியுமா?

பிற்காலப் பெயர்களில் பெரும்பாலும் முடியும். முன்னால் 'பெஹ்' வந்தால் நல்ல: பெஹ்ஸாத் நற்குடிப் பிறந்தவன், பெஹ்னாம் நற்பெயரோன், பெஹ்ரூஸ் நல்ல நாள் பார்த்தவன். 'கோல்' பூ (உருதுவில் குல்), 'மஹ்' நிலா, 'ஜஹான்' உலகம், 'தில்' நெஞ்சு. பின்னால் 'ஸாத்' பிறந்த, 'தாத்' தந்த, 'நாஸ்' நளினம், 'ரொக்' முகம், 'யார்' துணை. இரண்டைச் சேர்த்தால் ஒரு பெயர்: கோல்நாஸ், மஹ்ரொக். இன்றும் பெற்றோர் இப்படிப் புதுப் பெயர் கட்டுகிறார்கள்.

பழம்பெயர்களில் இந்த வித்தை காலை வாரிவிடும். மனுச்செஹ்ரை இன்றைய காதால் கேட்டால் 'மீனூ' (சொர்க்கம்), 'செஹ்ர்' (முகம்) என்று பிரித்து 'சொர்க்க முகத்தான்' என்று சொல்லத் தோன்றும். மேலே பார்த்த மனுவுக்கு அதில் இடமே இல்லை. ஷஹ்ரஸாத் பெயரையும் 'நகரில் பிறந்தவள்' என்று பிரிப்பார்கள். அதன் பழைய வடிவத்தைப் பார்த்தால் உயர்குடியில் வந்தவள் என்பதே பொருத்தம். பெயர்ப் பொருள் சொல்லும் இணையதளங்களில் முக்கால்வாசி இந்த வகைதான், இன்றைய அகராதியை வைத்துப் பிய்த்துப் போட்டது. பழைய வடிவம் என்ன என்று சொல்லாமல் பொருளை மட்டும் கொடுக்கும் பக்கத்தை நான் நம்ப மாட்டேன்.

அரபு வந்தபின் பெயர்கள் எப்படி மாறின?

அரபு மொழியில் 'ப' (பழம் என்பதில் வரும் வல்லொலி) கிடையாது, 'க' மெல்லொலியும் (தங்கம் என்பதில் வருவது) கிடையாது. ஆகவே பாரசீகத்துக்கே பார்சி போய் ஃபார்சி வந்தது. வெற்றியாளன் என்ற பொருளுள்ள பீரூஸ், ஃபீரூஸ் ஆனது, நம் ஊரில் பிரோஸ். கலப்புப் பெயர்களும் வந்தன. மெஹருன்னிஸா என்பதில் 'மெஹர்' பாரசீகச் சூரியன், மற்றது அரபு: பெண்களில் சூரியன். கோலாம்ரெசா (ரெசாவின் அடிமை) போன்றவை அரபுச் சொற்களை ஈரானியப் பக்தியில் கோத்தவை.

பார்சிகளின் பெயர்கள் ஏன் வித்தியாசமாக ஒலிக்கின்றன?

ஸரதுஷ்ட்ர மதத்தவர் குஜராத்தில் வந்து குடியேறிய பின், பெயர் ஈரானியமாகவே இருந்தது, நாக்கு குஜராத்தி ஆனது. சொஹ்ராப் சொராப்ஜி, ருஸ்தம் ருஸ்தம்ஜி, ஹொர்மொஸ்த் ஹொர்முஸ்ஜி. ஜாம்ஷெட்பூர் ஊரின் பெயருக்குக் காரணமான ஜாம்செட்ஜி டாட்டா நம் பழைய யிமன்தான்.

ஒரே ஆளின் பெயரில் இந்த வரலாறு முழுவதையும் பார்க்கலாம். ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவின் முழுப் பெயர் சாம் ஹொர்முஸ்ஜி ஃப்ராம்ஜி ஜாம்ஷெட்ஜி மானெக்‌ஷா. சாம், ருஸ்தமின் தாத்தா பெயர். 'சாம்' என்றதும் சாமுவேல் என்று நினைத்துவிடுகிறோம், இல்லை. ஹொர்முஸ் என்பது அஹுர மஸ்தா. ஃப்ராம் என்பது ருஸ்தமின் மகன் ஃபராமர்ஸின் சுருக்கம். ஜாம்ஷெட் தெரிந்ததே. 'ஜி' குஜராத்தி மரியாதை. மானெக் என்றால் குஜராத்தியில் மாணிக்கம், ஷா பாரசீக அரசன். ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து, 2008-இல் வெலிங்டனில் இறந்து, ஊட்டியில் பார்சிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர் அவர்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. ராயபுரத்தில் 1910-இல் எழுப்பப்பட்ட பார்சிக் கோயிலின் பெயர் ஜால் பிரோஜ் கிளப்வாலா தர்-எ-மெஹர். ஜால் என்பது வெண்முடி ஸால், பிரோஜ் என்பது பீரூஸ், தர்-எ-மெஹர் என்றால் மித்ரனின் வாசல். கிளப்வாலா மட்டும் தொழிலால் வந்த பெயர், அதற்கு அவெஸ்தாவில் தேட வேண்டாம்.

தமிழ் முஸ்லிம்களிடம் இத்தனை பாரசீகப் பெயர்கள் எப்படி?

கடலோர ஊர்களில் அரபு வணிகத் தொடர்பால் அரபுப் பெயர்கள் முந்தி வந்தன. பாரசீகம் வந்தது தரைவழியாக, தக்காணத்து சுல்தான்களும் மொகலாயர்களும் பிறகு ஆற்காடு நவாபுகளும் அலுவலில் வைத்திருந்த மொழியாக. ஜமீனும் தாசில்தாரும் வந்த அதே வண்டியில் பெயர்களும் வந்தன. பானு (சீமாட்டி), ஷிரின், நஸ்ரின், ரோஷன் (ஒளி), தில்ஷாத் (மகிழ்ந்த நெஞ்சு), ஷாநவாஸ் எல்லாம் அப்படித்தான். இந்துக் குடும்பங்களில் வைக்கும் பானு வேறு, அது சமஸ்கிருதச் சூரியன்.

மொகலாயர் பெயர்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் பட்டங்கள். ஜஹாங்கீர் (உலகைப் பிடித்தவன்) பிறக்கும்போது சலீம். ஷாஜஹான் பிறக்கும்போது குர்ரம், மகிழ்ச்சி நிறைந்தவன். மும்தாஜ் மஹல் அர்ஜுமந்த் பானு. நூர்ஜஹான் மேலே சொன்ன மெஹருன்னிஸா. ஔரங்கசேப் என்றால் அரியணையின் அணிகலன். அரியணைக்காக அவன் 1659-இல் கொன்ற அண்ணன் தாரா ஷிகோவின் பெயருக்குத் தாரியஸின் மாட்சிமை உடையவன் என்று பொருள். பட்டங்களாக இருந்தவை சாதாரண ஜனங்களின் பெயராக இறங்கிவந்தது பிற்காலத்தில்.

ஈரானில் பெயர் வைக்க அரசின் அனுமதி வேண்டுமா?

பதிவு அலுவலகம் ஏற்க வேண்டும். குடிப்பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இஸ்லாமியப் புனிதங்களை அவமதிக்கும் பெயர்களையும், பட்டங்களையும், ஆபாசமானவற்றையும், பாலினத்துக்குப் பொருந்தாதவற்றையும் தடுக்கிறது. பாரசீக இலக்கணத்தில் ஆண்பால் பெண்பால் கிடையாது என்பது இதில் வேடிக்கை.

பெயர் அரசியலும்கூட. பின்னால் ரெசா ஷா என்று அரசனான ரெசா கான் பிரதமராக இருந்த 1925-இல் குடும்பப் பெயர் கட்டாயமானது. இஸ்லாத்துக்கு முந்தைய ஈரானைப் பெருமையாகப் பேசிய காலம் அது. ஃபிர்தௌசிக்கு தூஸ் நகரில் 1934-இல் பெரிய நினைவிடம் திறந்தார்கள். கூரோஷ், தாரியுஷ், ஆதூசா போன்ற பெயர்கள் படித்த குடும்பங்களில் திரும்பி வந்தன. 1979 புரட்சிக்குப் பின் மதப் பெயர்கள் மேலெழுந்தன. இப்போது ஆர்வின், பாரான் (மழை), நிலூஃபர் என்று காற்று மறுபடியும் திரும்பியிருக்கிறது. சில வீடுகளில் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட வேறு பெயர். தாத்தாவைத் திருப்திப்படுத்த ஒன்று, அம்மாவின் ஆசைக்கு ஒன்று. இது நமக்குப் புரியாத விஷயமில்லை.

தாஜிகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இதே பெயர்களா?

பெரும்பாலும் இதே. உச்சரிப்பு மாறும். ஈரானில் பஹ்ராம் என்பது தாஜிக்கில் பஹ்ரோம். ஈரானில் 'ஏ' என்று முடிவது ஆப்கனில் 'ஆ': ஃபாத்திமே, ஃபாத்திமா. தாஜிக்கில் சோவியத் காலத்தில் ஒட்டிய ரஷ்ய 'ஓவ்' விகுதியும் உண்டு. அந்த நாட்டு அதிபர் ரஹ்மோனோவ் 2007-இல் அதை வெட்டிவிட்டு ரஹ்மோன் ஆனார்.

ஈரானியர் ஒருவரை நேரில் எப்படிக் கூப்பிடுவது?

அறிமுகமில்லாதவரை முதற்பெயரால் கூப்பிட வேண்டாம். ஆண் என்றால் 'ஆகா-யே' என்று குடும்பப் பெயருக்கு முன்னால், பெண் என்றால் 'கானும்-எ'. கொஞ்சம் பழகிய பின் முதற்பெயரோடு பின்னால் சேர்க்கலாம்: ரெசா ஆகா, ஷிரின் கானும். நெருங்கிவிட்டால் 'ஜான்', உயிரே என்கிற மாதிரி: ஷிரின் ஜான். கடைக்காரரும் 'ஜான்' போடுவார், அதை வைத்துக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

உச்சரிப்பில் ஒன்று. பாரசீகப் பெயர்களில் அழுத்தம் கடைசி அசையில் விழும்: பர்-வீன், பஹ்-ராம். ஆளைக் கூப்பிடும்போது மட்டும் அது முதல் அசைக்குத் தாவும். முதல் அசையை அழுத்தித்தான் நாம் எப்போதும் சொல்கிறோம். ஆகவே ஈரானிய நண்பரைப் பற்றி அவருக்குப் பக்கத்தில் நின்று பேசினால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் திரும்பிப் பார்க்கக்கூடும்.